ஒற்றை வாரத்து இதயம்

என் மகள் மைக்கெனுக்கு ஒற்றைப்படை வாரங்களில் இதயம் இருந்தது. இரட்டைப்படை வாரங்களில் எடை இருந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் இருந்ததாக எந்த அலுவலகமும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இதில் யார்மீதும் தவறில்லை. ஸ்வீடனில் எதிலும் யார்மீதும் தவறிருப்பதில்லை. நானும் என் மனைவி யோர்டிஸும் பிரிந்தபோது எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். பிள்ளை ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் என்னிடம். இங்கே யாரும் தேதி சொல்லிப் பேசுவதில்லை. வருடத்தின் வாரங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறோம். பல் பிடுங்குவது முதல் கோடைவிடுமுறை வரை எல்லாம் அந்த எண்ணில்தான். ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை அவளுக்கு என்று ஐந்து நிமிடத்தில் பேசி முடித்தோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் சண்டையில்லாமல் முடிந்த ஒரே பேச்சு அது.

நான் இருப்பது ஆற்றின் வடகரையில், காகித ஆலைக்குப் பக்கத்தில். ஆலையில்தான் வேலை. யோர்டிஸ் தென்கரையில். நடுவில் ஒரு பாலம். பாலத்தோடு ஒரு வட்டாரம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. இரண்டுக்கும் தனித்தனி மருத்துவமனை, தனித்தனிக் கணினி. கரை மாறும் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே ஆற்றில் விழுந்துவிடக் கூடாது என்று வடகரையும் தென்கரையும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியிருந்தன. அதன் பெயர் 'முழுக் குழந்தை'.

திட்டம் எளிமையானது. பிள்ளை எந்தக் கரையில் தூங்குகிறதோ அந்தக் கரைதான் அந்த வாரத்துக்குப் பொறுப்பு. ஒரே வேலையை இரண்டு பேர் செய்யக் கூடாது என்பதால் உடம்பையும் பங்குபோட்டுக்கொண்டார்கள். இதயம், இரத்தக்குழாய், இரத்த அழுத்தம் வடகரைக்கு. எடை, சாப்பாடு, சர்க்கரை, ஓட்டம் தென்கரைக்கு. இந்த ஏற்பாட்டுக்குத் தலைநகரில் ஒரு பரிசு கொடுத்தார்கள். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அக்னெட்டா அதைத் தன் மேசைமேல் வைத்திருக்கிறார். கண்ணாடியில் செய்த குழந்தை உருவம். பிடித்துத் தூக்க வசதியாக நடுவில் ஒரு பள்ளம்.

மைக்கெனுக்கு வயது பதினொன்று. அக்டோபரில் பள்ளி நர்ஸ் என்னைக் கூப்பிட்டிருந்தார். எடைபோடும் கருவியின் எண் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பிள்ளைகள் முதுகைக் காட்டி ஏறவேண்டும்.

"அப்ப நீ எப்படிப் பாப்ப?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"நான் பாக்கறதில்ல. அது நேரா தென்கரைக்குப் போயிடும்."

பிறகு கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். பிள்ளைகளுக்கான பட்டை சுற்றவில்லை. பெரியவர்களுக்கானதைக் கொண்டுவந்தார். காற்றடித்தார், பார்த்தார், மறுபடி காற்றடித்தார். மைக்கெனைக் கண்ணை மூடிக்கொண்டு கடற்கரையை நினைக்கச் சொன்னார். மறுபடி பார்த்தார். அவர் கன்னம் சிவந்தது.

"என்ன ஆச்சு?"

"கொஞ்சம் துணிச்சலான எண்ணா இருக்கு."

"துணிச்சல்னா? அதிகமா?"

"அதிகம், கம்மினு நாங்க சொல்றதில்ல ஹென்னிங். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குணம் உண்டு. இது துணிச்சலா இருக்கு."

"எனக்குத் துணிச்சலே கிடையாது," என்றாள் மைக்கென். "நீச்சல்குளத்துல சின்னப் பலகையில இருந்து குதிக்கக்கூட பயம்."

நான் எட்டிப் பார்த்துவிட்டேன். நூற்று நாற்பத்து மூன்று. எனக்கே அவ்வளவு இல்லை. என் அப்பா ஐம்பத்தொன்றாவது வயதில் சமையலறையில் விழுந்தபோது இருந்த எண் அதற்குப் பக்கத்தில். ஆலையில் ஒரு குழாயின் அழுத்தமானி சிவப்புக்குப் போனால் மணி அடிக்கும், ஆட்கள் ஓடுவார்கள். நர்ஸ் எனக்கு ஒரு கோப்பை காபி கொடுத்தார்.

அடுத்த ஒற்றை வாரத்திலேயே வடகரை மருத்துவமனையில் இடம் கிடைத்தது. காதுவலிக்கு அடுத்த வருடம் வரச் சொல்கிறவர்கள் இவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டதால், கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். இதய டாக்டரின் பெயர் ஷெல். ஐம்பது தாண்டியவர், செருப்புக்குள் கம்பளிக் காலுறை. மைக்கெனின் கழுத்தில் குளிர்ந்த களிம்பைத் தடவி ஒரு கருவியை வைத்து உருட்டினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு குழாய் துடித்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கோடு போட்டு அளந்தார். பாட்டு நின்றது. மறுபடி அளந்தார். மார்புக்கு இறங்கி அங்கேயும் அளந்தார். மறுபடி கழுத்துக்கு வந்தார்.

இங்கே டாக்டரையும் பெயர் சொல்லி, நீ என்றுதான் பேசுவோம். "என்ன தெரியுது ஷெல்?" என்றேன்.

"படம் ரொம்பத் தெளிவா வந்திருக்கு."

"அது நல்லதா?"

"தெளிவு நல்லதுதானே."

"நான் படத்தக் கேக்கல. படத்துல இருக்கறதக் கேக்கறேன்."

அவர் களிம்பைத் துடைத்தார். மிக மெதுவாக, ஒரு கைக்குழந்தையைத் துடைப்பதுபோல. "நல்ல கேள்வி. அத நாம எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசணும். குழாய் எங்களுது. ஆனா குழாய் ஏன் அப்படி இருக்குங்கறது தென்கரையோடது. நான் பாதிய மட்டும் சொன்னா உன் பொண்ண பாதிக் குழந்தையா நடத்தின மாதிரி ஆயிடும்."

"அந்தப் பாதியையாவது சொல்லேன்."

"அவள முழுசா மதிக்கிறோம் ஹென்னிங். அதனாலதான் சொல்ல முடியல."

வெளியே வந்ததும் மைக்கென் கேட்டாள்: "அந்த ஆளு ஏன்ப்பா பாட்ட நிறுத்தினான்?"

"பாட்டு முடிஞ்சிருக்கும்."

"பாதியில நிறுத்தினான். எனக்கு அந்தப் பாட்டு தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை மாலை அவளைப் பாலத்துக்கு அந்தப்புறம் கொண்டுபோய் விட்டேன். யோர்டிஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கழுத்தப் பாரு. உன் வீட்டுல தண்ணியே வர்றதில்லயா? ஒரு வாரம் புள்ளைய வச்சிருந்து ஒருநாள் தேச்சுக் குளிக்கச் சொல்ல முடியாதா?"

மைக்கெனின் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு வளையம் இருந்தது. நானும் பார்த்திருந்தேன். தென்கரையில் பட்ட அழுக்கு என்று நானும் ஒவ்வொரு வாரமும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆளுக்கொரு வாரமாகத் தேய்த்து அந்த இடம் புண்ணாகியிருந்தது.

"உன் வீட்டுல இருந்து வரும்போதே அப்படித்தான் வருது," என்றேன்.

"வெள்ளிக்கிழமை என்ன குடுத்த?"

"டாக்கோ. சிப்ஸ். வெள்ளிக்கிழமைனா எல்லாரும் குடுக்கறதுதான்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை மிட்டாய். நீ மட்டும் குடுக்கறதில்லயா?"

"நான் குடுக்கலைனா 'அப்பா வீட்டுல கிடைக்குமே'ங்கறா."

"என்கிட்ட 'அம்மா வீட்டுல கிடைக்குமே'ங்கறா."

மைக்கென் எங்கள் இருவருக்கும் நடுவில் பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். "நான் புத்திசாலி," என்றாள் போகும்போது.

அந்தக் கறுப்பு வளையம் அழுக்கில்லை, உடம்பு சர்க்கரையோடு போராடுவதன் அடையாளம் என்று அந்த வாரத்தில் தென்கரை நர்ஸ் யோர்டிஸிடம் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு சரி. கழுத்தின் தோல் தென்கரையைச் சேர்ந்தது. தோலுக்கடியில் ஓடும் குழாய் வடகரையைச் சேர்ந்தது. தோல் என்ன சொல்கிறது என்று குழாய்க்குத் தெரிவிக்க வழி இல்லை. நர்ஸ் அதற்காக மிகவும் வருந்தினாராம். அழகாக வருந்தினார் என்றாள் யோர்டிஸ்.

அடுத்து நடந்தது ஒரு சனிக்கிழமை. இரட்டை வாரம். தென்கரையில் 'அசைவின் ஆனந்தம்' என்று ஒரு வகுப்பு. துள்ளும் வலைமேல் பிள்ளைகளைக் குதிக்க விட்டு, லுட்விக் என்ற இளைஞன் கைதட்டிக்கொண்டிருப்பான். அவனுக்கு மைக்கெனின் எடை தெரியும். அழுத்தம் தெரியாது, அது பாலத்துக்கு இந்தப்புறம் இருந்தது. "உடம்பு ஆமா சொல்லட்டும்! இன்னும் உயரமா!" என்று கத்தியிருக்கிறான். மைக்கென் குதித்திருக்கிறாள். எல்லாவற்றையும் மீறி அவளுக்கு லுட்விக்கைப் பிடிக்கும். மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. பிறகு கண்ணில் பொறி பறக்கிறது என்று சொல்லி வலைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யோர்டிஸ் தென்கரை எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாள். அந்தப் பேச்சை அவள் என்னிடம் திரும்பத்திரும்பச் சொல்லியிருக்கிறாள்.

"மூக்குல ரத்தம் வந்துச்சு. தலை இடிக்குதாம். கண்ணுல மின்னுதாம். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம்."

"சரி. எது முதல்ல ஆரம்பிச்சுது?"

"ஏன்?"

"தலைனா நாங்க பாக்கலாம். நெஞ்சுனா வடகரை. மூக்கு ரெண்டு பேருக்கும் பொது."

"புள்ள வெளுத்துப்போய் உக்காந்திருக்கு!"

"உன் கவலை எனக்குக் கேக்குது. அது இருக்கலாம், தப்பில்ல. இரு, யாரோடதுனு பாத்துச் சொல்றேன்."

யோர்டிஸ் தொலைபேசியை வைத்துவிட்டுக் காரை எடுத்தாள். பாலத்தைத் தாண்டி வடகரை அவசரப் பிரிவுக்கு வந்தாள். நான் ஆலையிலிருந்து ஓடினேன். அவசரப் பிரிவில் யாரும் துரத்தவில்லை. அது மனிதாபிமானமுள்ள இடம். இரட்டை வாரம் என்பதால் மைக்கெனை நோயாளியாகச் சேர்க்க முடியாது, விருந்தாளியாகப் படுக்க வைக்கலாம் என்றார்கள். சூடான போர்வை தந்தார்கள். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி தந்தார்கள். அழுத்தம் பார்த்தார்கள். பணியில் இருந்த இளம் டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு வெளியே போய், முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார்.

"இவளோட கழுத்துப் படம், இதயப் படம் எல்லாம் இங்கதான் எடுத்தாங்க," என்றேன். "அதப் பாரு. பாத்துட்டு ஏதாவது பண்ணு."

"இருக்கு," என்றார், திரையைக் காட்டி. மைக்கெனின் பெயர் தெரிந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். "ஆனா இது ஒற்றை வாரத்துப் படம். திங்கக்கிழமை தானா திறந்துக்கும்."

"இன்னைக்கு சனிக்கிழமை. அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"அப்படி ஏதாவது ஆனா," என்று அவர் மிகுந்த கனிவோடு சொன்னார், "அது அவசரம். அவசரம்னா எப்ப வேணா திறக்கலாம்."

ஏதாவது ஆவதற்காக நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். யோர்டிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரிந்தபிறகு அதுதான் முதல் தடவை. கை ஈரமாக இருந்தது, என்னுடையதா அவளுடையதா தெரியவில்லை. அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் பூட்டும் திறக்கவில்லை.

காரில் ஏறும்போது மைக்கென் சொன்னாள்: "ஒற்றை வாரத்துல செத்தா அப்பா பொறுப்பு. இரட்டை வாரத்துல செத்தா அம்மா பொறுப்பு. ஞாயித்துக்கிழமை பாலத்துமேல செத்தா?"

"வாய மூடுடி," என்றாள் யோர்டிஸ். மைக்கெனின் சீட்பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டாள்.

டிசம்பரில் ஒருவழியாக எல்லோரும் ஒன்றாக உட்காரும் கூட்டம் நடந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம். அக்னெட்டா மேசையில் நான்கு மெழுகுவர்த்தி வைத்து, கிறிஸ்துமஸ்வரை வாரம் ஒன்றாக என்ற கணக்கில் இரண்டை ஏற்றியிருந்தார். குங்குமப்பூ போட்ட ரொட்டிகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. இந்த நாட்டில் ரொட்டியும் காபியும் இல்லாமல் கூட்டம் என்று ஒன்று நடந்தால் அது ராணுவப் புரட்சியாகத்தான் இருக்கும். இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஷெல் வந்திருந்தார். கையில் அவருடைய கணினி. படம் அதற்குள்தான் இருந்தது.

அக்னெட்டா தொடங்கினார். "எல்லாரும் வந்தது எனக்கு ரொம்ப நெகிழ்ச்சியா இருக்கு. ஒரு சின்ன வேண்டுகோள். இந்த அறைக்குள்ள நாம பயத்தக் கொண்டுவர்றதில்ல. அதக் கோட்டு மாட்டற இடத்துலயே விட்டுட்டு வாங்க. 'நோய்', 'ஆபத்து', 'குண்டு', இந்த மாதிரி வார்த்தைங்க பிள்ளைய நோயாளி ஆக்கிடும். மைக்கெனுக்கு ஒரு தாராளமான உடம்பு இருக்கு. அந்த உடம்போட நமக்கு இருக்கற உறவப் பத்தித்தான் பேசப் போறோம்."

"எனக்கு மூச்சு வாங்குது," என்றாள் மைக்கென்.

"நன்றி மைக்கென். எவ்வளவு அழகா பகிர்ந்துக்கிட்ட."

பிறகு தட்டு சுற்றி வந்தது. தென்கரை உணவு ஆலோசகர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். மைக்கெனிடம் நீட்டினால் அது தவறு. நீட்டாமல் தாண்டினால் அவளை மட்டும் ஒதுக்கியதாகும். அரைமணி நேரம் இதைப் பேசினார்கள். என் மகளின் கழுத்துக்குழாயைப் பற்றிப் பேச வந்தவர்கள் ரொட்டியின் மனசாட்சியைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் அழுதார். கடைசியில் தட்டை மேசையின் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாமல் வைப்பது என்று முடிவானது. மேசையின் நடு மைக்கெனுக்கு நேர் எதிரில் இருந்தது.

"நான் சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

ஆளாளுக்குத் தங்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். எல்லோரும் அவளை மதித்தார்கள். அவள் இரண்டு சாப்பிட்டாள்.

அதன்பின் சுற்று ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் தன் உணர்வைச் சொல்லவேண்டும், குறுக்கே யாரும் பேசக் கூடாது. பள்ளி நர்ஸ் தன்னைப் பணிவாக உணர்ந்தார். லுட்விக் தன்னை ஆற்றல் மிக்கவனாக உணர்ந்தான். உணவு ஆலோசகர் ரொட்டி விஷயத்தில் தான் வளர்ந்திருப்பதாக உணர்ந்தார். என் முறை வந்தபோது, "படத்துல என்ன இருக்கு?" என்றேன்.

"அது உணர்வில்ல, கேள்வி," என்றார் அக்னெட்டா.

"சரி. படத்துல என்ன இருக்குனு கேக்கணும்போல உணர்றேன்."

"அழகு. ஷெல்லோட முறை கடைசியா வருது. அதுவரைக்கும் அத உனக்குள்ள வச்சிரு."

நான் வைத்திருந்தேன். பத்து பேர் உணர்ந்தார்கள். ஷெல் கணினியைத் திறந்தார். அப்போது கதவு திறந்து, பாயும் கையுமாக ஒரு கூட்டம் நின்றது. களைத்துப்போன அலுவலர்களுக்கான மூச்சுப்பயிற்சி. அறை அவர்களுக்குப் பதிவாகியிருந்தது. எங்கள் கூட்டத்தில் இருந்த பாதிப்பேர் அப்படியே காலுறையோடு பாயில் படுத்துவிட்டார்கள்.

"அடுத்த தடவை ஷெல்லோட ஆரம்பிப்போம்," என்று அக்னெட்டா தொலைபேசியில் நாள் தேடினார். முகம் மலர்ந்தது. "ஐம்பத்து மூணாவது வாரம்! ரெண்டு கரைக்கும் சுத்தமா காலியா இருக்கு. இப்படி ஒரு வாரத்த நான் பாத்ததே இல்ல."

அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வாரங்கள்தான். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை காலண்டர் துருத்திக்கொண்டு ஒரு வாரம் கூடுதலாக வரும். அப்போது ஐம்பத்து மூன்று ஒற்றை, அடுத்து வரும் ஒன்றும் ஒற்றை. திட்டத்தைக் கணினியில் ஏற்றியவர்களுக்கு இது தெரியவில்லை. காலியாக இருந்தது நேரமல்ல, வாரமே காலி.

கிறிஸ்துமஸ் முடிந்த அந்த வாரத்தில் நாங்கள் மூவரும் கட்டடத்தின் முன் நின்றோம். விளக்குகள் அணைந்திருந்தன. சன்னலில் காகித நட்சத்திரம் ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. யோர்டிஸ் திட்டத்தின் எண்ணை அழைத்தாள். இயந்திரக் குரல் மைக்கெனின் எண்ணைக் கேட்டது. அழுத்தினாள். எல்லோருக்கும் கேட்கும்படி குரல் சொன்னது: "இந்தக் குழந்தை இந்த வாரம் இல்லை."

யோர்டிஸ் மறுபடி அழுத்தினாள்.

"இந்தக் குழந்தை இந்த வாரம் இல்லை. இனிய புத்தாண்டு."

"சரியாத்தான் சொல்லுது," என்றாள் மைக்கென். ஆனால் சிரிக்கவில்லை. என் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள், ஐந்து வயதில் பிடித்ததைப்போல.

பால் வாங்கக் கடைக்குப் போனோம்.  கடையின் பின்சுவர் முழுக்க மிட்டாய்ப் பெட்டிகள். கரண்டியால் அள்ளிப் பையில் போட்டு எடைக்கு வாங்குவது. பண்டிகை மிச்சம், பாதி விலை. அங்கே ஷெல் நின்றிருந்தார். கம்பளித் தொப்பி, பெரிய காகிதப் பை. மீன் வடிவப் புளிப்பு மிட்டாய்களை அள்ளிக்கொண்டிருந்தார்.

நான் அவருக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் போய் நின்றேன்.

"ஹென்னிங். நான் விடுப்புல இருக்கேன்."

"இன்னைக்கு எந்த வாரம்?"

"ஐம்பத்து மூணு."

"அம்பத்து மூணுல மைக்கென் யாரோட குழந்தை? வடகரையா, தென்கரையா?"

அவர் யோசித்தார். நல்ல மனிதர், நேர்மையாக யோசித்தார். "யாரோடதும் இல்ல."

"அப்ப நீ எந்த விதிய மீறப் போற?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கரண்டியைப் பெட்டிக்குள் வைத்தார். குரல் மாறிவிட்டது. மனிதக் குரல் போல இருந்தது.

"கழுத்துக்குழாயோட சுவர் தடிச்சிருக்கு. பதினோரு வயசுல அப்படி இருக்கக் கூடாது. என் குழாய நான் அளந்திருக்கேன், எனக்கு ஐம்பத்து நாலு. அவளோடது கிட்டத்தட்ட என்னோடது மாதிரி இருக்கு. இதயத்தோட இடப்பக்கத் தசையும் தடிக்க ஆரம்பிச்சிருச்சு. அழுத்தத்த எதுத்துத் தள்ளித்தள்ளி."

யோர்டிஸ் மிட்டாய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"திரும்புமா?" என்றேன்.

"இந்த வயசுல பெரும்பாலும் திரும்பும். மாத்திரை இருக்கு. எடைக்கும் இப்ப நல்ல மருத்துவம் இருக்கு. ரெண்டையும் ஒரே ஆள் ஒண்ணாச் செய்யணும். சும்மா விட்டா, ஒவ்வொரு மாசமும் அந்த வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமா குறையும். முப்பது வயசுல மாரடைப்பு வரலாம், பக்கவாதம் வரலாம். வந்தவங்கள நான் பாத்திருக்கேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. பாட்ட நிறுத்தினேனே, அப்ப."

"அக்டோபர் முடியறதுக்குள்ள எடுத்த படம் அது. இப்ப வருஷமே முடியப்போகுது. ஏன் சொல்லல?"

அவர் தன் காகிதப் பையைப் பார்த்தார். "என் முறை வரல."

அடிக்கலாம் என்று நினைத்தேன். அடித்தால் அது எந்தக் கரையில் பதிவாகும் என்ற யோசனையும் வந்தது. அவ்வளவுதூரம் நானும் கெட்டுப்போயிருந்தேன்.

"அக்னெட்டாகிட்ட நான் சொன்னதாச் சொல்லிடாதே," என்றார் ஷெல். "அடுத்த கூட்டத்துல நான் புதுசாச் சொல்ற மாதிரி சொல்லணும்." பையைத் தராசில் வைக்காமலே போய்விட்டார்.

அன்று மாலை யோர்டிஸ் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கென் உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள், அல்லது பார்ப்பதுபோல் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள்.

"ஒரே ஆள் பாக்கணும்னான்," என்றாள் யோர்டிஸ்.

"ம்."

"ஒரே ஆள் பாக்கணும்னா ஒரே கரையில இருக்கணும். வாரம் மாறக் கூடாது. திட்டத்துல இருந்து வெளிய வந்தா சாதாரண ஆஸ்பத்திரில சாதாரண பிள்ளையாப் பாப்பாங்க. முழுசா."

"உன்கிட்ட இருக்கட்டும்," என்றேன். சொல்லிவிட்டு அவள் கோப்பையில் காபி ஊற்றினேன்.

"பைத்தியமா உனக்கு? இதய டாக்டருங்க உங்க பக்கம்தான் இருக்காங்க. அங்க லுட்விக்தான் இருக்கான்." கொஞ்சநேரம் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். "இங்க இருக்கட்டும். நான் சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போறேன். நீ சாசேஜ் பொரிச்ச, கைய ஒடச்சுடுவேன்."

"பொரிக்க மாட்டேன்."

"மாட்டேன்னு நீ சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும்." பிறகு அழுதாள். ஒரு வருடத்தின் பாதி அவளுடையது. அதை ஒரு மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகவேண்டும்.  

புது வருடத்தில் சாதாரண வரிசையில் போய் நின்றோம். அங்கே இருந்த டாக்டர் களைப்பான, முசுடான ஒரு பெண்மணி. எந்த விழுமியமும் அவரிடம் இல்லை. படத்தைத் திறந்தார், பார்த்தார், "இத இத்தன நாள் எவன் வச்சிருந்தான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாத்திரை எழுதினார். எடைக்கான மருத்துவத்தையும் அவரே தொடங்கினார். குணமாகுமா என்று கேட்டதற்கு, "ஒழுங்கா வந்தா ஆகலாம். இப்ப எதுவும் சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார்.

அடுத்த நாள் அக்னெட்டா அழைத்தார். திட்டத்திலிருந்து நாங்கள் வெளியேறியது அவருக்குத் தெரிந்திருந்தது. வருத்தத்தைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு, "ஆனா ஒரு நல்ல செய்தி ஹென்னிங்," என்றார். "திட்டத்துல தாராளமான உடம்பு உள்ள பிள்ளைங்க நாலு பேர் இருந்தாங்க. இப்ப மூணு பேர்தான். ஒரே வருஷத்துல கால்வாசி கொறஞ்சிருக்கு. தலைநகர்ல இருந்து வந்து கேட்டுக்கிட்டுப் போறாங்க, எப்படிச் சாதிச்சீங்கனு. மைக்கெனுக்கு என் நன்றியச் சொல்லு."

"சொல்றேன்," என்றேன்.

சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யோர்டிஸ் மைக்கெனின் மிச்சச் சாமான்களைக் காரில் கொண்டுவந்தாள். கட்டில் விளக்கு, குளிர்காலக் காலணி, ஒரு பெட்டி நிறையப் பொம்மைக் குதிரைகள். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் பெட்டியையும் யோர்டிஸ் விளக்கையும் தூக்கிக்கொண்டோம். மைக்கென் வெறுங்கையோடு முன்னால் ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நாங்களும் நின்றோம். பெட்டியைக் கீழே வைத்தேன். அவள் மூச்சு இறங்கக் காத்திருந்தோம். 

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு."

"உங்களுக்குப் பயமா இருக்கா?"

நான் யோர்டிஸைப் பார்த்தேன். பிள்ளைகளிடம் இதற்கு என்ன சொல்லவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பலமுறை, மெழுகுவர்த்தியோடு.

"ஆமா," என்றேன்.

"ஆமாடி. ரொம்ப," என்றாள் யோர்டிஸ்.

மைக்கென் படியில் உட்கார்ந்தாள். கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டாள்.

"அப்பாடா," என்றாள். "நான் மட்டும்தான்னு நெனச்சேன்."